பதிவறையும் விருந்து மண்டபமும்: கனடாவின் தொல்குடிகள் சொன்ன சாட்சியம்



நம் கூட்டங்களில் 'ஆதாரம் எங்கே' என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே பாதி நேரம் போய்விடும். கல்வெட்டு இருக்கிறதா, பட்டா இருக்கிறதா, அரசாணை எண் என்ன என்று கேட்பார்கள். பாட்டி சொன்னாள் என்றால் சிரிப்பார்கள். கேட்கிறவர் கையில் இருக்கும் காகிதம் எப்படி உண்டானது, யார் எழுதியது, எழுதும்போது எங்களைக் கேட்டார்களா என்று திருப்பிக் கேட்ட மக்கள் உலகில் பல இடங்களில் உண்டு. கனடாவின் தொல்குடிகள் அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கே கொண்டுபோனார்கள். நாட்டின் உச்ச நீதிமன்றத்தைப் பதில் சொல்லவும் வைத்தார்கள். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். அவர்களை நமக்குக் கண்ணாடியாக நிறுத்தி, நம் முகத்தை அதில் பார்த்துக்கொள்ளும் எண்ணம் நமக்கு இல்லை. முதலில் அவர்கள் கதையை அவர்கள் கதையாகவே கேட்போம்.

டொராண்டோவிலிருந்து தொடங்கலாம். நம்மில் பலருக்கு அங்கே உறவினர் உண்டு. ஈழத்திலிருந்து போன தமிழர்கள் வீடு வாங்கி, கடை வைத்து, கோயில் கட்டி வாழும் நகரம் அது. 1787-இல் பிரிட்டிஷ் அதிகாரிகள் மிசிசாகா மக்களிடமிருந்து அந்த நிலத்தை வாங்கியதாகச் சொல்லி ஒரு பத்திரம் தயாரித்தார்கள். சில ஆண்டுகளுக்குள்ளேயே அந்தப் பத்திரத்தில் ஒரு சிக்கல் தெரியவந்தது. எந்த நிலம், எங்கிருந்து எங்குவரை என்ற விவரம் அதில் இல்லை. எழுத வேண்டிய இடம் வெற்றிடமாகக் கிடந்தது. தலைவர்கள் மூவரின் குலக்குறிகள் தனித்தாள்களில் இருந்தன. அந்தத் தாள்களைப் பத்திரத்தோடு ஒட்டியிருந்தார்கள். பத்திரம் செல்லாது என்று ஆளுநருக்கே தெரியும். ஆனால் மிசிசாகா மக்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.

1805-இல் புதிய பத்திரம் போட வந்தார்கள். அப்போது மிசிசாகா தலைவர் குவினிபெனோ பேசிய பேச்சு பதிவாகியிருக்கிறது. நிலத்தைக் கொடுத்த தலைவர்கள் எல்லோரும் இறந்துபோனார்கள். நீங்கள் விரித்திருக்கும் வரைபடத்தில் பார்ப்பதையும், எங்கள் நினைவில் இருப்பதையும், எங்களுக்குச் சொல்லப்பட்டதையும் வைத்துத்தான் பேச முடியும் என்ற பொருளில் அவர் சொன்னார். பிறகு, பழைய எல்லை எட்டோபிகோ ஆற்றின் எந்தக் கரை என்பதை அந்த நினைவிலிருந்தே எடுத்துரைத்தார். மூவகைச் சான்றை ஒரே மூச்சில் எடைபோடும் மனிதர் அவர். எதிரே இருந்தவர்களிடமோ ஒரு வெற்றுத்தாள்தான் இருந்தது. இரண்டரை லட்சம் ஏக்கர் நிலத்துக்குப் பத்து ஷில்லிங் என்று புதிய பத்திரம் எழுதப்பட்டது. 2010-இல் கனடா அரசு 14.5 கோடி டாலர் கொடுத்து அந்தக் கணக்கை முடித்தது. 200 ஆண்டுகளுக்கு மேல் மிசிசாகா மக்கள் சொல்லிக்கொண்டே இருந்ததால் நடந்த காரியம் இது.

ஆவணம் என்றால் உறுதி, வாய்மொழி என்றால் சந்தேகம் என்ற பாகுபாட்டை நாம் நம்பத் தொடங்கும்போதெல்லாம் அந்த வெற்றிடத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பெயர் பற்றி ஒரு சொல். கனடாவில் 1876-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் பெயர் 'இந்தியர் சட்டம்'. கொலம்பஸ் தவறிப்போய் வைத்த பெயரை நாடாளுமன்றம் சட்டமாக்கிவிட்டது. இன்றும் அந்தச் சட்டம் அதே பெயரில்தான் இருக்கிறது. அதற்கு ஐந்தாண்டு முன்பு, 1871-இல், அதே பேரரசு இந்தியாவில் குற்றப் பழங்குடிகள் சட்டம் போட்டது. இரண்டு சட்டங்களின் நோக்கமும் விளைவும் வேறு. ஆனால் ஒரு மக்கள் யார் என்பதை அரசின் ஏடு முடிவு செய்யும் என்ற எண்ணம் இரண்டிலும் பொது. கனடாவில் அந்த ஏடு தந்தை வழியைப் பார்த்தது. தொல்குடிப் பெண் ஒருத்தி வெளியாள் ஒருவரை மணந்தால் அவள் சட்டப்படி 'இந்தியர்' ஆகமாட்டாள். அவள் பிள்ளைகளும் ஆகமாட்டார்கள். 1985 வரை இதுதான் சட்டம். இனி நாம் பேசப்போகும் கிட்சான் மக்களிடையே பிள்ளை தாயின் வீட்டைச் சேர்ந்தது. ஏடு ஒரு பக்கம் இழுத்தது, வீடு மறுபக்கம் இழுத்தது.

கனடாவின் மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஸ்கீனா ஆற்றோரம் கிட்சான் மக்களும், அவர்களுக்கு அண்டையில் வெட்சுவெட்டன் மக்களும் வாழ்கிறார்கள். கிட்சான் சமூகத்தின் அடிப்படை அலகு வீடு. இங்கே வீடு என்பது கட்டடத்தைக் குறிக்காது. ஒரு தாய்வழிக் கூட்டத்தைக் குறிக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தலைமைப் பெயர், சில குலச்சின்னங்கள், ஆறும் காடும் மீன்துறையும் சேர்ந்த நிலம், அந்த நிலம் தங்களுக்கு எப்படி வந்தது என்று சொல்லும் வரலாறு ஆகியவை உண்டு. அந்த வரலாற்றின் பெயர் அடாவ்க். வெட்சுவெட்டன் மக்களிடம் அதை ஒத்தது குங்காக்ஸ்; அது பாட்டும் ஆட்டமும் சேர்ந்தது.

அடாவ்க்கை யார் வேண்டுமானாலும் சொல்லிவிட முடியாது. அது அந்த வீட்டின் சொத்து. சொல்லும் உரிமை உள்ளவர்தான் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டிய இடம் விருந்து மண்டபம். தலைவர் ஒருவர் இறந்தால் அவருடைய பெயரை ஏற்பவர் விருந்து வைக்க வேண்டும். பிற குலத்தார் அழைக்கப்படுவார்கள். எல்லோர் முன்னிலையிலும் பெயர் மாறும், வீட்டின் வரலாறு சொல்லப்படும், நிலத்தின் எல்லைகள் மலை பெயர், ஓடை பெயர் சொல்லி எடுத்துரைக்கப்படும். யார் எவ்வளவு செலவுக்குக் கொடுத்தார்கள் என்பதுகூட அவையில் அறிவிக்கப்படும். வந்தவர்கள் சும்மா சாப்பிட்டுவிட்டுப் போக வந்தவர்கள் இல்லை. அவர்கள் சாட்சிகள். அவர்களுக்குத் தரும் பரிசு சாட்சியத்துக்கான கொடை. தவறு இருந்தால் அவர்கள் சொல்ல வேண்டும்; பரிசை ஏற்றுக்கொண்டு போனால் சொன்னதை ஏற்றுக்கொண்டதாகப் பொருள். அடுத்த விருந்தில், அடுத்த தலைமுறையில், அதே வரலாறு மீண்டும் சொல்லப்படும்; மீண்டும் சரிபார்க்கப்படும்.

நம் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகத்தில் என்ன நடக்கிறது? பெயர் மாற்றம், எல்லை விவரம், சாட்சிக் கையொப்பம், கட்டணம். இவை எல்லாம் விருந்து மண்டபத்திலும் இருக்கின்றன. ஒரு வேறுபாடு: அங்கே பதிவேடு மனிதர்களின் நினைவு. அதைப் பூட்டிவைக்க முடியாது. கூட்டம் கூடினால்தான் அது திறக்கும்.

அந்தக் கூட்டத்தைத்தான் கனடா அரசு தடைசெய்தது. 1884-இல் சட்டம் திருத்தப்பட்டு, 1885 முதல் பசிபிக் கரையோர மக்களின் விருந்துச் சடங்குகள் குற்றமாயின. பொதுப் பெயராகப் 'பாட்லாச்' என்பார்கள். சொத்தை வாரிக் கொடுத்து மக்கள் ஏழையாகிறார்கள், நாகரிகமடையாமல் போகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். 1921 கிறிஸ்துமஸ் சமயத்தில் வில்லேஜ் தீவில் குவாக்குவாக்காவாக்கு மக்கள் நடத்திய பெரிய விருந்துக்காக 45 பேர் கைதானார்கள். பேசியது குற்றம், ஆடியது குற்றம், பரிசுப் பொருளைச் சுமந்து கொடுத்ததும் குற்றம். முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் ஒப்படைத்தால் தண்டனையில் சலுகை என்றார்கள். ஒப்படைத்தவை ஒட்டாவா, டொராண்டோ அருங்காட்சியகங்களுக்கும், நியூயார்க் சேகரிப்பாளர் ஒருவருக்கும் போயின. அவற்றில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்று, 1980-இல் அலர்ட் பே ஊரில் உமிஸ்டா பண்பாட்டு மையத்தை அந்த மக்களே திறந்தார்கள்.

1927-இல் இன்னொரு பூட்டும் போட்டார்கள். அரசின் அனுமதி இல்லாமல் நில உரிமை வழக்குக்காகத் தொல்குடிகளிடம் பணம் திரட்டுவது குற்றம் என்று சட்டம் வந்தது. வக்கீல் வைக்கவும் வழியில்லாமல் போயிற்று. இரண்டு தடைகளும் 1951-இல்தான் சட்டத்திலிருந்து நீங்கின. அதாவது அறுபது ஆண்டுகளுக்கு மேல் அவர்களுடைய பதிவறை சட்டப்படி மூடப்பட்டிருந்தது. நீதிமன்றத்தின் கதவும் கால் நூற்றாண்டு அடைத்தே கிடந்தது. அப்புறம்தான் 'உங்கள் ஆதாரம் எங்கே' என்று கேட்டார்கள்.

தடை இருந்த காலத்திலும் விருந்து நிற்கவில்லை. 1945-இல் கிட்சான் ஊரான கிட்செகுக்லாவில் தூண் நாட்டும் விருந்துகள் நடந்தன. ட்சிம்சியன் மக்களின் பரம்பரைத் தலைவர்களில் ஒருவரான வில்லியம் பெய்னன் அங்கே விருந்தினராகப் போனவர். நடந்ததை நான்கு குறிப்பேடுகளில் எழுதிவைத்தார். மானிடவியலாளர் மாரியஸ் பார்போவுக்காகப் பல ஆண்டுகள் கதைகள் சேகரித்துக் கொடுத்தவரும் அவரே. பார்போவின் பெயர் உலகமறிந்தது. மொழி தெரிந்தவர், முறை தெரிந்தவர், யார் எதைச் சொல்லலாம் என்று தெரிந்தவர் பெய்னன். தகவலாளி என்ற பட்டத்தில் அவரை அடைத்துவிட்டார்கள். இது நமக்குப் பழக்கமான ஏற்பாடுதான் என்பதால் இதற்குமேல் சொல்லவில்லை.

இப்போது வழக்குக்கு வருவோம். 1984-இல் கிட்சான், வெட்சுவெட்டன் பரம்பரைத் தலைவர்கள் 58,000 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு உரிமை கோரி மாகாண அரசின்மேல் வழக்குப் போட்டார்கள். வழக்கின் பெயர் டெல்கமூக். டெல்கமூக் என்பது தனி ஆளின் பெயராக இருந்திருந்தால் அவரோடு போயிருக்கும். அது ஒரு வீட்டின் தலைமைப் பெயர். வழக்கு உச்ச நீதிமன்றம் போய்ச்சேர்வதற்குள் ஒருவர் பின் ஒருவராக மூவர் அந்தப் பெயரைச் சுமந்தார்கள். அரசு தரப்பு, தலைமுறை கடந்து எதுவும் மாறாமல் வருமா என்று வாதாடிக்கொண்டிருந்தபோது, வழக்கின் தலைப்பிலேயே அது வந்துகொண்டிருந்தது.

விசாரணை 1987 மே மாதம் ஸ்மிதர்ஸ் என்ற சிற்றூரில் தொடங்கி, பிறகு வான்கூவருக்கு மாறியது. மொத்தம் 374 நாள். 61 சாட்சிகள். அடாவ்க்கும் குங்காக்ஸும் அந்நிய மன்றம் ஒன்றில் சான்றாக வைக்கப்பட்டன. இது சிறிய முடிவு இல்லை. உரிமை உள்ளவர் மட்டுமே, முறைப்படி கூடிய அவையில் மட்டுமே சொல்ல வேண்டியதை, குறுக்கு விசாரணை செய்யும் வக்கீல் முன் சொல்வதா என்று அந்த மக்கள் தமக்குள் பேசித்தான் இதற்கு இறங்கினார்கள்.

சாட்சி சொன்னவர்களில் ஒருவர் மேரி ஜான்சன். அவருடைய தலைமைப் பெயர் அன்ட்குலிலிபிக்ஸ். அவருடைய வீட்டின் வரலாற்றில் பஞ்ச காலம் ஒன்று வருகிறது. அங்கே ஓர் இரங்கல் பாட்டு உண்டு. பாட்டு இல்லாமல் அந்த வரலாறு முழுமை பெறாது. பாட்டுத்தான் அதன் முத்திரை. அவர் பாட அனுமதி கேட்டபோது நீதிபதி ஆலன் மெக்கெக்கர்ன் தயங்கினார். சொற்களை எழுதிக் கொடுத்தால் போதாதா, இதை இப்படிப் பாடி நிரூபிக்க வேண்டுமா, தமக்கு இசை ஏறாத காது, பாடினாலும் பயனில்லை என்று சொன்னார். மேரி ஜான்சன் பாடினார். நீதிபதியின் அந்தச் சொற்கள் மன்றப் பதிவில் ஏறின. இன்று சட்டக் கல்லூரிகளில் அவரை நினைவுகூர்வது பெரும்பாலும் அந்தக் காதுக்காகத்தான்.

இங்கே நாம் நீதிபதியைக் கேலி செய்துவிட்டுக் கடந்துபோவது எளிது. அவர் பொய் சொல்லவில்லை. எழுத்தாக வந்தால்தான் அவருக்குச் சான்று. பாட்டின் சொற்களைத் தாளில் எடுத்துவிட்டால் பாட்டு வந்துவிட்டதாக அவர் உண்மையாகவே நம்பினார். பத்திரத்தின் வாசகத்தை மட்டும் வாயால் சொல்லிவிட்டு, கையொப்பத்தையும் முத்திரையையும் விட்டுவிட்டால் அவர் ஏற்பாரா? அதைத்தான் அவர் மேரி ஜான்சனிடம் கேட்டார்.

1991 மார்ச் 8-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. வழக்கு தள்ளுபடி. அந்த மக்களின் முன்னோருக்கு எழுத்து இல்லை, குதிரை இல்லை, சக்கர வண்டி இல்லை என்று தீர்ப்பு பட்டியலிட்டது. அவர்களுடைய பழைய வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல, பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி ஹாப்ஸின் சொற்களைக் கடன் வாங்கி, இழிவும் கொடுமையும் குறுகிய ஆயுளும் கொண்டது என்றார் நீதிபதி. நில எல்லை பற்றித் தலைவர்கள் கொடுத்த வாக்குமூலங்களை அவர் ஒதுக்கிய விதத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்த எல்லைகள் அந்தச் சமூகத்துக்கு வெளியே பரவலாகத் தெரிந்தவை இல்லை என்றார். நில உரிமை பற்றி அவர்கள் நெடுநாளாகத் தமக்குள் பேசிவருவதால் அந்த நினைவு நடுநிலையானது இல்லை என்றும் சொன்னார். பேசாமல் இருந்தால் நினைவில்லை. பேசினால் நினைவு கெட்டுவிட்டது. பஞ்சமி நிலத்துக்காக வட்டாட்சியர் அலுவலகப் படியேறியவர்கள் யாருக்கும் இந்த வாதத்தை விளக்க வேண்டியதில்லை.

அதே தீர்ப்பு வேறொருவரின் சொல்லை அப்படியே நம்பியது. வில்லியம் பிரவுன் என்பவர் ஹட்சன் பே கம்பெனியின் வியாபாரி. 1822-இல் பேபைன் ஏரிக் கரையில் கம்பெனிக்குக் கோட்டை போட்டவர். மென்மயிர்த் தோல் எத்தனை வந்தது, யார் கொண்டுவந்தார்கள், ஏன் குறைந்தது என்று மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். வந்து சில ஆண்டுகளே ஆன, தோல் வாங்க வந்த ஒருவருடைய குறிப்பு வரலாறாகத் தெரிந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்து நூறு விருந்துகளில் சரிபார்க்கப்பட்டது நம்பிக்கையாகத் தெரிந்தது. இத்தனைக்கும் பிரவுனின் குறிப்புகளிலேயே, நிலமும் அதிகாரமும் உடைய தலைவர்கள் வருகிறார்கள்.

தலைவர்கள் தரப்பில் இன்னொரு சான்றும் வைத்தார்கள். ஓர் அடாவ்க்கில், மலையோடை வழியே பிரமாண்டமான கரடி ஒன்று மரங்களைப் பிடுங்கி எறிந்துகொண்டு இறங்கிவந்து மக்களை அழித்த செய்தி வருகிறது. சீலி ஏரிப் பகுதியில் மண் அடுக்குகளையும் தாவர எச்சங்களையும் ஆராய்ந்த அறிவியலாளர்கள், சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் அங்கே பெரும் நிலச்சரிவு நடந்தது என்று சாட்சி சொன்னார்கள். நிலச்சரிவு நடந்திருக்கலாம், ஆனால் கதை அதைத்தான் சொல்கிறது என்று உறுதிப்படவில்லை என்று நீதிபதி விட்டுவிட்டார். அறிவியல் வந்து கைகொடுத்தால்தான் வாய்மொழிக்கு மதிப்பு என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அறிவியல் கைகொடுத்த இடத்திலும் மதிப்பு கிடைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் போயிற்று. 1997 டிசம்பர் 11-ஆம் நாள் தலைமை நீதிபதி அந்தோனியோ லாமெர் எழுதிய தீர்ப்பு, வாய்மொழி வரலாற்றை எழுத்து ஆவணங்களுக்குச் சமமான நிலையில் வைத்து எடைபோட வேண்டும் என்றது. சான்றுச் சட்டத்தின் விதிகள் இந்த மக்களின் நினைவுமுறைக்கு இடம் தரும்படி வளைய வேண்டும்; இல்லையேல் அவர்கள் தம் உரிமையை என்றுமே நிரூபிக்க முடியாது என்ற நிலை வந்துவிடும் என்றது. வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது.

வெற்றிதான். ஆனால் அந்த மறுவிசாரணை நடக்கவே இல்லை. இன்னொரு 374 நாளுக்கு யாரிடம் பணம் இருக்கிறது? 1987-இல் சாட்சிக் கூண்டேறிய முதியவர்களில் எத்தனை பேர் மீண்டும் ஏறியிருப்பார்கள்? அவர்கள் சொன்னதைக் கேட்கும் விதம் தவறு என்று நாடே ஒப்புக்கொண்டது. சரியான விதத்தில் மறுபடி கேட்க எவரும் உட்காரவில்லை. 2020 பிப்ரவரியில் எரிவாயுக் குழாய்த் திட்டத்தை எதிர்த்து வெட்சுவெட்டன் பரம்பரைத் தலைவர்கள் நின்றபோது, போலீஸ் அவர்களுடைய நிலத்துக்குள் புகுந்ததும், கனடா முழுக்க ரயில் பாதைகள் மறிக்கப்பட்டதும் செய்தியாக நமக்குத் தெரியும். அந்தப் போராட்டத்தின் அடியில் 1997-இல் முடியாமல் நின்ற கேள்வி கிடக்கிறது.

பலன் வேறொரு மக்களுக்குக் கிடைத்தது. சில்கோட்டின் மக்களின் வழக்கில் விசாரணை நீதிபதி டேவிட் விக்கர்ஸ் 339 நாள் உட்கார்ந்து கேட்டார். அவர்கள் ஊருக்கே போய் முதியவர்களின் சொல்லைக் கேட்டார். 2014-இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1,750 சதுர கிலோமீட்டருக்கு அவர்களுடைய உரிமையை அறிவித்தது. கனடாவில் அப்படி ஒரு நிலவுரிமை நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்டது அதுவே முதல்முறை.

நீதிமன்றத்துக்கு வெளியிலிருந்து ஒரு கதையையும் சேர்த்துக்கொள்வோம். 1845-இல் ஜான் பிராங்க்ளின் தலைமையில் இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் 129 பேரோடு வடதுருவக் கடலில் காணாமல் போயின. 1854-இல் ஜான் ரே என்பவர் இனுயிட் மக்களிடம் கேட்டறிந்து, அவர்கள் பட்டினியில் செத்தார்கள், கடைசியில் ஒருவர் உடலை மற்றவர் தின்றார்கள் என்று தெரிவித்தார். லண்டன் கொதித்தது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தம் பத்திரிகையில் இனுயிட் சொல்லை நம்பவே கூடாது என்று எழுதினார். அவர்களே கொன்றிருக்கலாம் என்றும் ஐயம் கிளப்பினார். ஏழைகளின் துயரத்தை எழுதி நாம் எல்லோரும் விரும்பிப் படித்த அதே டிக்கன்ஸ்தான். பிற்காலத்தில் கிங் வில்லியம் தீவில் கிடைத்த எலும்புகளில் கத்தி வெட்டுகள் இருந்தன. 2014-இல் எரெபஸ் கப்பல், இனுயிட் மரபு நெடுங்காலமாகச் சுட்டிவந்த பகுதியின் கடலடியில் கிடைத்தது. லூயி காமூக்காக் என்ற இனுயிட் வரலாற்றாளர் முதியவர்களிடம் பல ஆண்டுகள் கேட்டுச் சேகரித்தவை அந்தத் தேடலுக்கு உதவின. இரண்டாம் கப்பலான டெரர் 2016-இல் கிடைத்ததும் ஓர் இனுயிட் மனிதர் கொடுத்த தகவலால்தான். பேரரசு தன் சொந்தக் கப்பலைக் கண்டுபிடிக்க 160 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு காலமும் விடை அங்கேயே பேசிக்கொண்டுதான் இருந்தது.

இதுவரை சொன்னதை வைத்து, குரல் நல்லது, காகிதம் கெட்டது என்று முடிவு செய்துவிடக் கூடாது. அடுத்த பகுதி அதை அனுமதிக்காது.

உறைவிடப் பள்ளிகளைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். அரசு பணம் கொடுத்தது, திருச்சபைகள் நடத்தின. ஒன்றரை லட்சம் தொல்குடிக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அங்கே வைக்கப்பட்டார்கள். கடைசிப் பள்ளிகள் 1990-களில்தான் மூடின. இந்தப் பள்ளிகளில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்ததை எழுதியவர்களில் ஒருவர் அரசு மருத்துவ அதிகாரி பீட்டர் பிரைஸ். 1907-இல் அவர் கொடுத்த அறிக்கையில், விவரம் கிடைத்த 15 பள்ளிகளின் 1,537 மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இறந்திருந்தார். இது காகிதம்தான், அதுவும் அரசுக் காகிதம். துறையை நடத்திய டங்கன் கேம்ப்பெல் ஸ்காட் அவருடைய பரிந்துரைகளை ஒதுக்கினார். ஸ்காட் கனடாவின் மதிக்கப்பட்ட கவிஞர் என்பதையும் இலக்கிய அமைப்பின் மேடையில் சொல்லாமல் விட முடியாது. ஓய்வுபெற்ற பிறகு, 1922-இல், பிரைஸ் எல்லாவற்றையும் சிறுநூலாக வெளியிட்டார். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. ஆக, எழுத்து என்பதால் எழுத்து கேட்கப்படுவதில்லை. யாருக்கு எதிராக எழுதப்பட்டது என்பதும் பார்க்கப்படுகிறது.

பிறகு காகிதமே எரிந்தது. பள்ளிகளின் விவரத் தாள்களை ஐந்தாண்டிலும், விபத்து அறிக்கைகளைப் பத்தாண்டிலும் அழிக்கலாம் என்று 1930-களில் விதி வந்தது. 1936-க்கும் 1944-க்கும் இடையில் இந்தியர் விவகாரத் துறையின் 2,00,000 கோப்புகள் அழிக்கப்பட்டன. போர்க்காலத்தில் காகிதத்துக்குத் தட்டுப்பாடு, அலுவலகத்தில் இடமில்லை. யாரும் கதவைச் சாத்திக்கொண்டு சதி செய்யவில்லை. ஒரு மக்களின் பிள்ளைகளைப் பற்றிய தாள் பழைய தாளாகிவிட்டது, அவ்வளவுதான்.

உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2008 முதல் 2015 வரை நாடெங்கும் போய் 6,000-க்கும் மேற்பட்டவர்களின் சொல்லைக் கேட்டது. எஞ்சிய ஆவணங்களைத் தர அரசு இழுத்தடித்ததால் ஆணையமே நீதிமன்றம் போக நேர்ந்தது. தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளவற்றையும் தர வேண்டும் என்று 2013-இல் உத்தரவு வந்தது. இறந்த குழந்தைகளைத் தேட 2009-இல் ஆணையம் கூடுதலாக 15 லட்சம் டாலர் கேட்டபோது அரசு மறுத்தது. இருந்த தாள்களை வைத்து ஆணையம் 3,200-க்கும் மேற்பட்ட சாவுகளைப் பதிவு செய்தது. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான சாவுகளில் குழந்தையின் பெயரே எழுதப்படவில்லை. நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவற்றில் ஆணா பெண்ணா என்பதுகூட இல்லை. பாதியளவில் சாவின் காரணம் இல்லை. பள்ளிக்குச் சாமான் வாங்கிய கணக்கு இருக்கிறது.

இந்தப் பள்ளிகளில் பாலியல் வன்முறைக்கும் கடும் அடி உதைக்கும் ஆளானவர்களுக்கு இழப்பீடு தரத் தனியே ஒரு விசாரணை முறை ஏற்பட்டது. 38,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். மூடிய அறையில், ஒரு விசாரணை அலுவலர் முன், வாழ்நாளில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்கள். மனைவிக்குத் தெரியாது, மகளுக்குத் தெரியாது. வெளியே போகாது என்ற உறுதியின் பேரில் சொன்னார்கள். விசாரணைகள் முடிந்த பிறகு அந்தத் தாள்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது.

அரசு, இவை அரசு ஆவணங்கள், சட்டப்படி தேசியக் காப்பகத்துக்குப் போக வேண்டும் என்றது. மானிடோபா பல்கலைக்கழகத்தில் உள்ள உண்மை மற்றும் நல்லிணக்கத் தேசிய மையம், அழித்தால் வரலாறு அழியும், நாளை 'அப்படி எதுவும் நடக்கவில்லை' என்பார்கள், ஆகவே காக்க வேண்டும் என்றது. விசாரணை முறையின் தலைமை அலுவலர், சொன்னவர்களுக்குக் கொடுத்த வாக்கு பெரிது, அழிக்க வேண்டும் என்றார். உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் முடிவு சொன்னது: 15 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், அதற்குள் சொன்னவர் விரும்பினால் தம் தாள்களைப் பெற்றுக்கொள்ளலாம், அல்லது தேசிய மையத்தில் வைக்கச் சொல்லலாம், எதுவும் சொல்லாவிட்டால் அழிக்கப்படும்.

வரலாறு எழுதுகிறவர்களுக்கு இந்தத் தீர்ப்பு கசக்கும். நமக்கும் முதலில் கசந்தது. 2,00,000 கோப்புகளை அழித்த ஒரு நாட்டில், மீண்டும் ஓர் அழிப்பா? ஆனால் இது வேறு. அந்தக் குழந்தைகளைக் கேட்காமல் அவர்களைப் பற்றி எழுதினார்கள், கேட்காமல் அழித்தார்கள். இங்கே முதல்முறையாகக் கேட்கிறார்கள். நம் அவமானங்களை மற்றவர்கள் ஆவணமாக்கி அலமாரியில் அடுக்கியதை அறிந்த நாம், தன் காயத்தைக் காப்பகத்துக்குத் தரமாட்டேன் என்று சொல்லும் ஒரு முதியவளிடம், 'வரலாற்றுக்காகக் கொடு' என்று கேட்க முடியாது. அடாவ்க்கைச் சொல்லும் உரிமை அந்த வீட்டுக்கு மட்டும் என்ற நெறியும் இதையே சொல்கிறது. குரலுக்குச் சான்றின் மதிப்பு கேட்டுப் போராடியவர்கள், குரலை வெளியிடாமல் வைத்திருக்கும் உரிமையையும் சேர்த்தே கேட்டார்கள். வாய்மொழி வரலாறு திரட்டுவோம் என்று டேப்ரெக்கார்டரோடு கிளம்பும் நம் இளம் தோழர்கள் இந்த இரண்டாவது பாதியையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

ஆனாலும் ஒரு முள் உள்ளேயே நிற்கிறது. விண்ணப்பித்தவர்களில் பலர் இறந்துவிட்டார்கள். தேர்வு செய்யும் உரிமை தமக்கு இருப்பதை அறியாமலே போனவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் சிலர், அப்பா ஏன் அப்படிக் குடித்தார், அம்மா ஏன் எங்களைத் தொடவே மாட்டாள் என்பதற்கான விடை அந்தத் தாளில் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். வேறு சிலர், அவர் சொல்லாததை நாங்கள் படிக்கக் கூடாது என்கிறார்கள். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேச்சும் நடக்கிறது. எதுவும் சொல்லாதவர்களின் தாள்களை அழிக்கக் குறித்திருக்கும் நாள் 2027 செப்டம்பர் 19.